ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 9: பழைய சான் பெட்டியோடு இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வியின் சாரம் இது: மூன்று சர்வர்கள் சேர்ந்தியங்கும் ஒரு கிளஸ்டரில், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 8.4 ஓடுகிறது. அதே வேலையைச் செய்யும் விஎம்வேரிலிருந்து மாறியபோது கையில் இருந்த ஐஸ்கசி சான் பெட்டியையே, அதாவது நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும் பெட்டியையே, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் லினக்ஸ் முறையான எல்விஎம் வழியாக மூன்று சர்வர்களுக்கும் பொதுச் சேமிப்பகமாக இணைத்திருக்கிறீர்கள். 9ஆம் பதிப்பில் உண்மையில் என்ன புதிது, இப்போது மாறலாமா, மாறினால் எது உடையும் என்று கேட்கிறீர்கள்.

மாறலாம் என்பதே என் பதில். ஆனால் பலரும் முதலில் சொல்லும் காரணத்துக்காக, அதாவது சான் மீது ஸ்நாப்ஷாட் (பின்னர் திரும்பிவரக்கூடிய, ஒரு கணத்தின் நிலைப்பதிவு) எடுக்கலாம் என்பதற்காக மட்டும் மாறுவதாக இருந்தால், அந்த வசதி உள்ளே எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விஎம்வேரில் பழகிய கைக்கு அது சில இடங்களில் இடறும்.

முதலில் பதிப்பு விவரங்கள். 9.0 வெளியானது 2025 ஆகஸ்ட் 5 அன்று. அதன் அடித்தளமான லினக்ஸ் இயங்குதளம் டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸி, நான்கு நாள் கழித்து ஆகஸ்ட் 9 அன்றுதான் அதிகாரபூர்வமாக வந்தது. அடித்தளத்தை முந்திக்கொண்டு மேல்மாடி வந்ததில் சிலருக்குச் சங்கடம் இருந்தாலும், ட்ரிக்ஸி அப்போது முழுமையாக உறைநிலையில் இருந்ததால் நடைமுறையில் அது பிரச்சினை ஆகவில்லை. உள்ளே லினக்ஸ் கெர்னல் 6.14, மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு 10.0, இலகுவான கன்டெய்னர்களை இயக்கும் எல்எக்ஸ்சி 6.0, உள்ளூர் டிஸ்க்குக்கான கோப்பு முறைமை இசட்எஃப்எஸ் 2.3, பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக்கும் செஃப் ஸ்க்விட் 19.2 ஆகியவை இருந்தன. 2025 நவம்பரில் வந்த 9.1 கெர்னலை 6.17க்கும் கியூஎமுவை 10.1க்கும் உயர்த்தியது. இன்று மாறுபவர் நேராக 9.1 அல்லது அதற்குப் பிந்தைய நிலையில்தான் போய் நிற்பார் என்பதால், இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

இந்தப் பதிப்பு யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. விஎம்வேரின் விஸ்ஃபியர் 7க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்தது. இந்த இரண்டாண்டில் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் வந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல ஒரு சான் பெட்டியையும் உடன் கொண்டுவந்தவர்கள். வியன்னாவில் இருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் குழுவோ 2008இலிருந்தே உள்ளூர் டிஸ்க், இசட்எஃப்எஸ், செஃப் என்ற வழியில் வளர்ந்தது. சான் அவர்களுக்கு எப்போதும் வேலை செய்யும், ஆனால் வசதி குறைந்த ஒரு வழியாகவே இருந்தது. 9இல்தான் அந்தக் குறையில் முதன்முறையாகக் கை வைத்திருக்கிறார்கள்.

குறை என்னவென்று சொன்னால்தான் தீர்வின் அளவு புரியும். ஒரு சான் லன்னை, அதாவது பெட்டி ஒரு டிஸ்க்காகக் காட்டும் பகுதியை, மூன்று சர்வர்களும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். விஎம்வேரில் அதன்மீது விஎம்எஃப்எஸ் என்ற கிளஸ்டர் கோப்பு முறைமை இருக்கிறது; அதில் ஸ்நாப்ஷாட் எடுத்தால் சிறு கோப்பாகப் பிறந்து, மாற்றங்கள் சேரச்சேர வளர்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த லன் மீது சாதாரண எல்விஎம் இருக்கிறது; ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் டிஸ்க்கும் முழு அளவு ஒதுக்கப்பட்ட ஒரு எல்விஎம் பகுதி. எல்விஎம்முக்கும் சொந்த ஸ்நாப்ஷாட் உண்டு என்றாலும், அதை ஒரு நேரத்தில் ஒரு சர்வரில்தான் பயன்படுத்த முடியும். எழுதும் அளவுக்கு மட்டும் இடம் எடுக்கும் தின் எல்விஎம்மில் ஸ்நாப்ஷாட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் மெட்டாடேட்டாவை ஒரே ஒரு கெர்னல்தான் கையாள முடியும் என்பதால் பல சர்வர்கள் அதைப் பகிர்ந்துகொள்ள இயலாது. ஆகவே சான் வைத்திருப்பவர்களுக்கு ஸ்நாப்ஷாட் பொத்தான் மங்கலாகவே கிடந்தது.

9இல் செய்திருப்பது இது. சேமிப்பக அமைப்பில், ஸ்நாப்ஷாட்டுகளைத் தொடராக வைத்துக்கொள் என்ற பொருளில் ஒரு தேர்வு வந்திருக்கிறது. அதை இயக்கிய பிறகு உருவாக்கும் டிஸ்க்கை, எல்விஎம் பகுதிக்குள் கியூஎமுவின் டிஸ்க் வடிவமான கியூகௌ2இல் எழுதலாம். ஸ்நாப்ஷாட் எடுக்கும்போது, இப்போதைய பகுதி பெயர் மாற்றப்பட்டு அப்படியே நின்றுவிடுகிறது. புதிதாக ஒரு பகுதி உருவாகி, பழையதைத் தன் அடிப்படையாகச் சுட்டுகிறது. இனி எழுதுவதெல்லாம் புதியதில். படிக்கும்போது புதியதில் இல்லாத தரவு கீழே உள்ளதிலிருந்து வருகிறது. எந்தச் சான் நிறுவனத்தின் தனி மென்பொருளும் இதற்குத் தேவையில்லை. வெறும் பிளாக் சாதனமாக ஒரு லன் தெரிந்தால் போதும். யோசனை அழகானது, எளியதும்கூட.

இடறும் இடம் அளவில் இருக்கிறது. புதிதாகப் பிறக்கும் பகுதியும் எல்விஎம் பகுதிதான். எல்விஎம்முக்கு வளரும் பகுதி தெரியாது. எனவே ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டும் டிஸ்க்கின் முழு அளவை மறுபடியும் ஒதுக்கிக்கொள்கிறது. என் சோதனைக் கிளஸ்டரில் 200 ஜிபி டிஸ்க் கொண்ட ஒரு விண்டோஸ் சர்வரில் மூன்று ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டு எல்விஎம் பட்டியலைப் பார்த்தபோது, அந்த ஒரே டிஸ்க்குக்கு நான்கு வரிகள் இருந்தன. நான்கும் 200 ஜிபிக்குச் சற்று மேல். உள்ளே மாறியிருந்தது சில நூறு எம்பி மட்டுமே. மொத்தம் 800 ஜிபி போய்விட்டது. சான் பெட்டி தன் பக்கத்தில் தின் ஒதுக்கீடு செய்வதாக இருந்தால், எழுதாத இடம் உண்மையில் செலவாகாது. அப்படிப்பட்ட பெட்டியில் லன்னைத் தாராளமான அளவில் காட்டிவிட்டு இந்த வசதியைப் பயன்படுத்துவது பொருந்தும். பழைய பெட்டி, முழு ஒதுக்கீடு, 80 விழுக்காடு நிரம்பிய லன் என்றால், ஸ்நாப்ஷாட் எடுக்கும் முன் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

இன்னும் சில விஷயங்கள் இதோடு ஒட்டியவை. இந்தத் தேர்வை இயக்குவதால் ஏற்கெனவே இருக்கும் ரா வடிவ டிஸ்க்குகளுக்கு, அதாவது கியூகௌ2 அமைப்பில்லாத வெறும் டிஸ்க்குகளுக்கு, எதுவும் ஆகாது. அவற்றை கியூகௌ2 வடிவில் ஒருமுறை நகர்த்தினால்தான் ஸ்நாப்ஷாட் பொத்தான் உயிர்பெறும், அதற்கும் தற்காலிகமாக இரட்டை இடம் வேண்டும். தொடரில் மிகக் கடைசியாக எடுத்த ஸ்நாப்ஷாட்டுக்குத்தான் திரும்ப முடியும். நடுவில் உள்ளதற்குத் திரும்ப வேண்டுமானால் அதற்குப் பிந்தையவற்றை முதலில் அழிக்க வேண்டும். அழிப்பது என்றால் தரவை ஒன்றோடொன்று இணைப்பது. அது உண்மையான எழுத்து வேலை, பெரிய டிஸ்க்கில் நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் சான் மீது சுமையும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வசதி தொழில்நுட்ப முன்னோட்டம் என்ற முத்திரையோடுதான் வந்தது. அந்த முத்திரையைச் சும்மா ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தரவுத்தள சர்வரின் டிஸ்க்கை முதல் வாரமே கியூகௌ2வுக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்நாப்ஷாட் இல்லாததால் பேக்கப் எடுக்க முடியாது என்று விஎம்வேரிலிருந்து வந்த பலர் நினைக்கிறார்கள், ஏனென்றால் அங்கே பேக்கப் மென்பொருள் முதலில் ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டுத்தான் தொடங்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் மெய்நிகர் கணினியின் பேக்கப், சேமிப்பகத்தின் ஸ்நாப்ஷாட்டை நம்பியிருக்கவில்லை. கியூஎமு தானே, எழுதப்படப்போகும் தொகுதியை முதலில் பேக்கப்புக்கு நகலெடுத்துவிட்டு எழுத விடுகிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வருக்கு எடுக்கும்போது, மாறிய தொகுதிகளைக் குறித்துவைத்து அடுத்த முறை அவற்றை மட்டும் அனுப்புகிறது. உங்கள் சான் மீது இதுவரை பேக்கப் சரியாக ஓடியதற்குக் காரணம் அதுதான். அப்படியானால் ஸ்நாப்ஷாட் எதற்கு? விண்டோஸ் பேட்ச் போடும் முன், ஒரு ஈஆர்பி மென்பொருளைப் புதுப்பிக்கும் முன், ஒரு மணி நேரத்தில் திரும்பிவர ஒரு வழி வேண்டும் என்பதற்கு. அந்த வேலைக்கு இந்தத் தொடர் முறை போதும்: எடுங்கள், பேட்ச் போடுங்கள், மறுநாள் காலை அழித்துவிடுங்கள். இடக்கணக்கும் அப்போது கட்டுக்குள் இருக்கும். உங்கள் பெட்டி என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வையும் தரக்கூடியதாக இருந்தால், அடிக்கடி ஸ்நாப்ஷாட் தேவைப்படும் இரண்டு மூன்று கணினிகளை அங்கே வைப்பது இன்னும் நேரான வழி. கோப்பாக இருக்கும் கியூகௌ2 தேவைக்கேற்ப மட்டுமே வளரும்.

சான் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானதாக நான் கருதும் ஒரு மாற்றம் பட்டியலின் அடியில் ஒளிந்திருக்கிறது. பொது எல்விஎம்மில் உள்ள பகுதிகள், சர்வர் துவங்கும்போது தாமாகவே செயலுக்கு வந்துவிடும் பழக்கம் இருந்தது. மூன்று சர்வர்களும் ஒரே லன்னைப் பார்ப்பதால், ஒரு சர்வர் மறுதொடக்கம் ஆனதும், தனக்குச் சொந்தமில்லாத கணினிகளின் டிஸ்க்குகளையும் அது எழுப்பி வைத்துக்கொள்ளும். எப்போதோ ஒருமுறை, மெய்நிகர் கணினியை இடம் மாற்றும்போதோ புதிதாக உருவாக்கும்போதோ காரணம் புரியாத பிழை வந்திருந்தால், அது இதனால் இருக்கலாம். 9இல் புதிதாக உருவாகும் பகுதிகளுக்கு இந்தத் தானியங்கி எழுப்பல் அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய பகுதிகளுக்கு அதை அணைக்க ஒரு சிறு நிரலையும் தந்திருக்கிறார்கள். மேம்படுத்தலுக்கு முன் ஓட்டும் சோதனை நிரலே அதன் இடத்தைச் சொல்லும். மூன்று சர்வர்களும் 9க்கு வந்தபின் அதை மறக்காமல் ஒருமுறை ஓட்டுங்கள்.

அடுத்தது உயர் கிடைப்புநிலை, அதாவது ஹெச்ஏ விதிகள். ஒரு சர்வர் விழுந்தால் அதிலிருந்த கணினிகளை வேறு சர்வரில் எழுப்புவது ஹெச்ஏ. 8வரை ஹெச்ஏ குழுக்கள் இருந்தன: இந்தக் கணினி இந்தச் சர்வர்களில்தான் ஓட வேண்டும், இதற்கு முன்னுரிமை அதிகம் என்று சொல்லலாம். ஆனால் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (பயனர் உள்நுழைவைச் சரிபார்க்கும் விண்டோஸ் சர்வர்கள்) ஒருபோதும் ஒரே சர்வரில் இருக்கக் கூடாது என்று நேராகச் சொல்ல வழியில்லை. முன்னுரிமைகளை மாற்றிமாற்றிப் போட்டு ஏமாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு சர்வர் விழுந்ததும் அந்தக் கணக்கு குலைந்துவிடும். இப்போது குழுக்களுக்குப் பதில் விதிகள். ஒரு வகை, கணினிக்கும் சர்வருக்கும் உள்ள உறவைச் சொல்வது. இன்னொரு வகை, கணினிக்கும் கணினிக்கும் உள்ள உறவைச் சொல்வது. பின்னதில், இவை சேர்ந்தே இருக்கட்டும் அல்லது இவை பிரிந்தே இருக்கட்டும் என்று எழுதலாம். செயலி சர்வரும் அதன் தற்காலிக நினைவகச் சர்வரும் ஒரே இடத்தில் இருந்தால் இடைப் போக்குவரத்து கேபிளுக்கே வராது. இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் பிரிந்திருந்தால் ஒரு சர்வர் போனாலும் உள்நுழைவு நிற்காது.

மூன்று சர்வர் கிளஸ்டரில் இந்தப் பிரிப்பு விதியை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அது கண்டிப்பான விதி. முடிந்தால் பிரி என்ற தளர்ந்த வடிவம் அதற்கு இல்லை. மூன்று கணினிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தே வை என்று எழுதிவிட்டு, மூன்றில் ஒரு சர்வர் விழுந்தால், அதிலிருந்த கணினிக்குப் போக இடமில்லாமல் மீட்புக் காத்திருப்பில் நிற்கும். இரண்டு கணினிகளைப் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலும் இந்த விதிகள் ஹெச்ஏ பொறுப்பில் சேர்த்த கணினிகளுக்கு மட்டுமே பொருந்தும். விஎம்வேரின் டிஆர்எஸ் போலச் சுமையை அளந்து அதுவாகவே கணினிகளை நகர்த்திக்கொண்டிருக்கும் வசதியாகவும் இதை எண்ணிவிடாதீர்கள். இது எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்பதை மட்டும் சொல்வது. பழைய குழுக்களைக் கையால் மாற்ற வேண்டியதில்லை; கிளஸ்டரில் கடைசிச் சர்வரும் 9க்கு வந்ததும் அவை தாமாகவே விதிகளாக மாறிவிடும். அதுவரை குழுக்கள் பழையபடியே இயங்கும்.

மென்பொருள் நெட்வொர்க் பகுதியில் ஃபேப்ரிக் என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. ஓபன்ஃபேப்ரிக் அல்லது ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் சர்வர்களுக்கிடையே வழிகளைத் தானாகக் கண்டறிய வைக்கலாம். சுவிட்ச் இல்லாமல் மூன்று சர்வர்களை நேரடிக் கேபிளால் முக்கோணமாக இணைத்து செஃப் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் இதுவரை அவர்கள் அந்தக் கோப்புகளைக் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அமைப்பில் இதற்கு வேலையில்லை. கைப்பேசியில் திறக்கும் இடைமுகத்தையும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு கணினியை மறுதொடக்கம் செய்ய உதவும்.

சான் தவிர உள்ளூர் டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு பத்தி. இசட்எஃப்எஸ் 2.3, டிஸ்க் பழுதைத் தாங்கும் ரெய்டு-இசட் தொகுப்பில் ஒரு டிஸ்க்கை மட்டும் பின்னர் சேர்க்க இடம் தருகிறது. பல்லாண்டுக் கோரிக்கை அது. பேக்கப் சர்வரில் நான்கு டிஸ்க் ரெய்டு-இசட்1 வைத்திருப்பவர், ஐந்தாவதைச் சேர்த்து விரிக்கலாம்; விரியும்போது தொகுப்பு இயங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் ஏற்கெனவே எழுதிய தரவு பழைய விகிதத்திலேயே, அதாவது மூன்று தரவுக்கு ஒரு பாரிட்டி (மீட்புக்கான கூடுதல் தரவு) என்ற கணக்கிலேயே கிடக்கும்; புதிதாக எழுதுவதற்குத்தான் நான்குக்கு ஒன்று. எனவே டிஸ்க் சேர்த்த மறுநாள் எதிர்பார்த்த அளவு இடம் கூடவில்லை என்று பதற வேண்டாம். தரவை வேறிடம் நகர்த்தித் திரும்பக் கொண்டுவந்தால் கணக்கு சரியாகும். இதற்குத் தொகுப்பின் அம்சங்களை உயர்த்த வேண்டும் என்பதும், உயர்த்தினால் பழைய பதிப்பு அந்தத் தொகுப்பைத் திறக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். துவக்கத் தொகுப்பு க்ரப் என்ற துவக்க நிரல் வழியாகத் துவங்குவதாக இருந்தால் அதன் அம்சங்களை உயர்த்தவே வேண்டாம். மறுநாள் காலை சர்வர் எழாது.

இனி உடையக்கூடியவை. க்ளஸ்டர்எஃப்எஸ் என்ற பகிர்ந்த கோப்பு முறைமைக்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. கியூஎமுவிலேயே அது கைவிடப்படும் பட்டியலில் இருந்தது. அதில் டிஸ்க் வைத்திருப்பவர் முதலில் வெளியே எடுக்க வேண்டும், இல்லையெனில் தாமே மவுன்ட் செய்து சாதாரண அடைவாகக் காட்ட வேண்டும். கன்டெய்னர்களுக்கு வளத்தைப் பிரித்துத் தரும் கெர்னல் வசதியான சிக்ரூப்பின் பழைய முதல் பதிப்பும் போய்விட்டது. இதன் பொருள், சிஸ்டம்டி என்ற துவக்க மேலாளரில் 230ஆம் பதிப்பு அல்லது அதற்கு முந்தையதை வைத்திருக்கும் கன்டெய்னர்கள் 9இல் துவங்கா. நம்மிடையே இன்னும் பல இடங்களில் ஓடும் சென்டோஸ் 7 கன்டெய்னர்களும் உபுண்டு 16.04 கன்டெய்னர்களும் இந்த வலையில் விழும். முழு மெய்நிகர் கணினியாக இருந்தால் பாதிப்பில்லை, ஏனென்றால் அதற்குத் தன் கெர்னல் இருக்கிறது, கன்டெய்னருக்குத்தான் சிக்கல். சென்டோஸ் 7க்கு ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது என்பதால் எப்படியும் அதை விட்டு வர வேண்டும். உடனே முடியாதென்றால், ஒரு சிறு மெய்நிகர் கணினிக்குள் அதன் உள்ளடக்கத்தை நகர்த்திவிட்டு மேம்படுத்துங்கள்.

உடையாமல் பயமுறுத்துபவையும் உண்டு. மேம்படுத்திய மறுநாள் ஒருவர் என்னை அழைத்து, பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் கணினி நினைவகத்தை நூறு விழுக்காட்டுக்கு மேல் தின்கிறது, சிவப்பாகக் காட்டுகிறது என்றார். ஒன்றும் ஆகவில்லை. உள்ளிருக்கும் இயங்குதளம் தன் நினைவகப் பயன்பாட்டைச் சொல்லாவிட்டால், 9 சர்வரின் பார்வையில் அந்தக் கணினிக்காகச் செலவாகும் மொத்தத்தையும், கியூஎமுவின் சொந்தத் தேவையையும் சேர்த்து, காட்டுகிறது. அளவுகோல்தான் மாறியிருக்கிறது. கண்காணிப்பு மென்பொருளில் இந்த எண்ணைக் கொண்டு எச்சரிக்கை வைத்திருந்தால் வரம்பைத் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் இரவே தூக்கம் போகும்.

வர்ட்ஐஓ என்ற மெய்நிகர் நெட்வொர்க் கார்டின் எம்டியூவும், அதாவது ஒரு சட்டத்தில் போகும் அதிகபட்ச அளவும், அப்படித்தான். முன்பு அந்தப் புலத்தைக் காலியாக விட்டால் 1500 என்று எடுத்துக்கொண்டது. இப்போது பிரிட்ஜின், அதாவது சர்வருக்குள் கணினிகளை இணைக்கும் மெய்நிகர் சுவிட்சின், அளவை எடுத்துக்கொள்கிறது. ஐஸ்கசிக்காகப் பிரிட்ஜை 9000இல் வைத்து, அதே பிரிட்ஜில் சில கணினிகளையும் இணைத்திருந்தால், அந்தக் கணினிகள் திடீரென்று பெரிய சட்டங்களை அனுப்பத் தொடங்கும்; சுவிட்சின் மறுபுறம் அதை ஏற்காவிட்டால், பிங் போகும், இணையப் பக்கம் மட்டும் பாதியில் நிற்கும். இந்தக் குறி தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு நாள். அந்தக் கணினிகளில் 1500 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

நெட்வொர்க் கார்டின் பெயர் மாறுவது பழைய தலைவலி. புதிய கெர்னல் ஒரு கார்டைச் சற்று வேறுவிதமாக அடையாளம் கண்டால், பெயரின் இறுதியில் ஓர் ஒட்டு சேர்ந்துவிடும். பிரிட்ஜோ பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். சர்வர் துவங்கிவிடும், ஆனால் நெட்வொர்க்கில் யாராலும் அதை எட்ட முடியாது. 9இல் பெயர்களை நிலையாகக் கட்டிவைக்க ஒரு கருவி இருக்கிறது. மென்பொருள் தொகுப்புகள் எல்லாம் ஏறியபின், மறுதொடக்கத்துக்கு முன், அதை ஓட்டினால் கார்டுகளுக்கு எளிய, மாறாத பெயர்களைத் தந்து கட்டமைப்புக் கோப்புகளையும் திருத்திவிடும். எதுவாயினும் சர்வரின் தொலைக் கட்டுப்பாட்டு வசதியான ஐபிஎம்ஐ வழியாகத் திரையைப் பார்க்க முடிகிறதா என்று முந்தைய நாளே சரிபாருங்கள். கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்பது நள்ளிரவில்தான் தெரியவரும்.

டெபியன் 13இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு நினைவகத்தில் வாழ்கிறது, பாதி நினைவகம் வரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 40 ஜிபி டிஸ்க் கோப்பை இறக்கிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மேம்படுத்தும் முறைக்கு வருகிறேன். 8.4இன் கடைசி நிலைக்கு எல்லாச் சர்வர்களையும் முதலில் கொண்டுவாருங்கள். பிவிஇ8டு9 என்ற சோதனை நிரல் அதிலேயே இருக்கிறது. அதை முழுச் சோதனை விருப்பத்தோடு ஓட்டி, சிவப்பு வரிகள் எல்லாம் போகும்வரை சரிசெய்யுங்கள். சிஸ்டம்டி-பூட் தொகுப்பைப் பற்றி அது எச்சரித்தால் கேளுங்கள். நீங்கள் கையால் அதை அமைத்திருந்தால் தவிர, நீக்கிவிடச் சொல்வது சரியான அறிவுரை. ஒவ்வொரு சர்வரின் ரூட் பார்டிஷனிலும் குறைந்தது 5 ஜிபி, நன்றாக இருக்க வேண்டுமானால் 10 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். செஃப் வைத்திருப்பவர்கள் அதை முன்கூட்டியே ஸ்க்விட்டுக்கு உயர்த்தியிருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு சர்வராக. ஒன்றைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றினால் ஹெச்ஏ கணினிகள் தாமாக விலகும். மற்றவற்றை நீங்கள் நகர்த்த வேண்டும். 8இலிருந்து 9க்கு ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நகர்த்தலாம். 9இலிருந்து 8க்குத் திரும்ப நகர்த்துவதை நம்பாதீர்கள். ஆகவே முதல் சர்வர் 9க்கு வந்ததும், இரண்டாவதைக் காலி செய்யும்போது அதன் கணினிகளைப் புதிய சர்வருக்கே அனுப்புங்கள். மூன்று சர்வர் கிளஸ்டரில் ஒன்று அணைந்திருக்கும்போது மற்ற இரண்டும் எழுந்திருந்தால்தான் பெரும்பான்மை நிற்கும்; அந்த நேரத்தில் சுவிட்ச் பக்கம் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் தொகுப்புகள் வரும் மூலங்களை புக்வோர்ம், அதாவது டெபியன் 12 என்பதிலிருந்து ட்ரிக்ஸிக்கு மாற்றும்போது ஒரு வரியை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. டெபியன் வரி மாறியிருக்கும், ப்ராக்ஸ்மாக்ஸ் வரி பழையதிலேயே இருக்கும், அல்லது ப்ராக்ஸ்மாக்ஸின் கட்டண (என்டர்பிரைஸ்) மூலம் சந்தா இல்லாமல் இயக்கப்பட்டிருக்கும். அப்போது டெபியனின் நிறுவும் கருவியான ஏப்ட், ப்ராக்ஸ்மாக்ஸ்-விஇ என்ற தலைமைத் தொகுப்பையே நீக்கப்போவதாகச் சொல்லும். அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு தடுப்பு குறுக்கே நின்று கத்தும். அந்தத் தடுப்பைக் கடக்க வழி தேடுவதை விட்டுவிட்டு, மூலக் கோப்புகளை மறுபடி திறந்து பாருங்கள். ஏப்டின் வெறும் அப்கிரேடு கட்டளையைக் கொடுக்காதீர்கள், டிஸ்ட்-அப்கிரேடு மட்டுமே. இணைய இடைமுகத்தில் உள்ள ஷெல்லில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், ஏனென்றால் நடுவில் அந்த இடைமுகமே மறுதொடக்கம் ஆகும். எஸ்எஸ்ஹெச்சில், இணைப்பு அறுந்தாலும் வேலையை நிறுத்தாத டிமக்ஸ் திறந்து செய்யுங்கள்.

வழியில் கட்டமைப்புக் கோப்புகளைப் பற்றி அது கேட்கும். மற்றவர்களுக்கு எல்விஎம் கட்டமைப்புக் கோப்பில் புதியதை ஏற்பது பெரும்பாலும் பாதுகாப்பு. உங்களுக்கு அப்படியல்ல: சானுக்கு இரண்டு பாதைகள் இருப்பதால் மல்டிபாத் அமைத்து, ஒவ்வொரு பாதையையும் தனித்தனி டிஸ்க்காக எல்விஎம் பார்க்காமல் இருக்க அந்தக் கோப்பில் வடிகட்டி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்றால் அந்த வரி போய்விடும். வேறுபாட்டைத் திரையில் காட்டச் சொல்லி, வடிகட்டி வரியைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

9.1 சேர்த்தவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியது, குறியாக்க விசைகளைக் காக்கும் டிபிஎம் சில்லு தொடர்பானது. விண்டோஸ் 11க்கும் பிட்லாக்கர் போட்ட சர்வர்களுக்கும் மெய்நிகர் டிபிஎம் சில்லு வைத்திருப்பீர்கள். அதன் நிலைத் தரவு ரா வடிவில் மட்டுமே இருக்க முடிந்ததால், 9.0இல் சான் மீது டிஸ்க்குக்கு ஸ்நாப்ஷாட் வந்தும், இப்படிப்பட்ட கணினிகளுக்கு அது எட்டாமலே இருந்தது. 9.1இல் அந்த நிலைத் தரவையும் கியூகௌ2வில் வைக்கலாம். சான் மீதான தொடர் முறையில், கணினியை அணைத்துவிட்டு எடுக்கும் ஸ்நாப்ஷாட்டுக்கு இது வழிவிடுகிறது. உள்ளடங்கிய மெய்நிகராக்கத்தையும், அதாவது கணினிக்குள் ஹைப்பர்-வி போன்றதை ஓட்டுவதையும், இப்போது ஒவ்வொரு கணினிக்கும் தனியே ஒரு சிபியூ குறியால் இயக்கலாம். அதற்காக முழுச் சிபியூவையும் அப்படியே காட்ட வேண்டியிருந்த கட்டாயம் போயிற்று, வேறு வேறு தலைமுறைச் சிபியூக்கள் கலந்த கிளஸ்டரில் இது நல்ல செய்தி. டாக்கர் உலகின் ஓசிஐ படிமங்களிலிருந்து நேராக எல்எக்ஸ்சி கன்டெய்னர் உருவாக்கும் வசதியும் வந்தது. செயலிக் கன்டெய்னர்களாக அவற்றை ஓட்டுவது இன்னும் முன்னோட்ட நிலையில்தான் இருக்கிறது. டாக்கரை மூட்டை கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

கெர்னல் 6.17 உங்கள் வன்பொருளில் தகராறு செய்தால், 6.14ஐ நிறுவி, துவக்கக் கருவியால் அதைக் கட்டிவைத்துவிட்டுத் தொடரலாம். மற்ற எதையும் பின்வாங்க வேண்டியதில்லை.

காலக்கெடு ஒன்று உண்டு: 8ஆம் பதிப்புக்கான ஆதரவு 2026 ஆகஸ்ட் வரைதான். உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஒரு சனிக்கிழமையில் முதல் சர்வரை மட்டும் மாற்றி, முக்கியமில்லாத நான்கைந்து கணினிகளை அதில் ஒரு வாரம் ஓடவிட்டு, அந்த வாரத்தில் பேக்கப்பிலிருந்து ஒரு கணினியை அதன்மீது மீட்டுப் பார்ப்பேன். கலவையான கிளஸ்டரை அதற்குமேல் நீட்டிக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை மற்ற இரண்டும். அதன் பிறகு எல்விஎம் தானியங்கி எழுப்பலை அணைக்கும் நிரல், டொமைன் கன்ட்ரோலர்களுக்கான பிரிப்பு விதி. ஸ்நாப்ஷாட்டுக்கென்று சானிலிருந்து தனியாக ஒரு சிறு லன் கேட்டு வாங்கி, அதில் மட்டும் அந்தத் தேர்வை இயக்கி, பேட்ச் சோதனைக்கான இரண்டு கணினிகளை அங்கே நகர்த்துங்கள். இப்போது இருக்கும் பெரிய லன்னை அப்படியே விட்டுவிடுங்கள்.